எழுபத்தைந்து கிலோ ஆள்

உடைந்த பாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், ஜவுளிக்கடைப் பை ஒன்றில் வந்து சேர்ந்தது.

துவாக்குடித் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் செயற்கைக் கால் செய்யும் சிறிய கூடம் ஒன்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களுக்கான பாதங்கள் அங்கே உருவாயின. வெளியே ரப்பர். உள்ளே, எலும்புக்குப் பதிலாக, கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்று. அந்தத் தகட்டை வடிவமைத்தவர் அருள்தாசன்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருஷம் சென்னையில் ஒரு கார் கம்பெனியில் இருந்தவர். காரைக் கணினிக்குள்ளேயே சுவரில் மோதவிட்டு, எங்கே நசுங்கும், எங்கே பிளக்கும் என்று தகரத்தை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். சிமுலேஷன் என்று அதற்குப் பெயர். மனைவிக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தபோது கூடவே வந்தவர், இந்தக் கூடத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

சோதனைப் பிரிவு பொற்கொடியின் பொறுப்பில் இருந்தது. அருள்தாசனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் கூடத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அருள்தாசனும் முதல் வாரமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காலுக்குப் போதாது என்று அந்த வாரமே அவருக்குப் புரிந்திருந்தது. டீச்சரிடம் கற்றுக்கொள்ள வந்தவன் என்றுதான் வீட்டிலும் சொல்லிக்கொள்வார்.

அவர் போட்ட தகடு கணினியில் தேறியது. பிறகு டீச்சரின் இயந்திரத்தில் ஏறியது. குதிகாலில் ஓர் அழுத்து, விரல் பக்கம் ஓர் அழுத்து. நொடிக்கு ஓர் அடி வீதம் இருபது லட்சம் அடி. இருபத்து மூன்று நாள் அந்த இயந்திரம் ஓயாமல் நடந்தது. கீறல்கூட விழவில்லை. அறிக்கையில் அருள்தாசன் கையெழுத்துப் போட்டார். முதலில் நூறு பேருக்குப் பாதம் போயிற்று. பெரம்பலூரில் அடுத்த மாதம் நடக்க இருந்த முகாமுக்காக இன்னும் முந்நூறு பாதங்கள் பெட்டிகளில் தயாராக இருந்தன.

பைக்குள் இருந்தது அந்த நூற்றில் ஒன்று. நட்டநடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

அருள்தாசன் அதைத் தூக்கிக்கொண்டு வார்ப்புப் பகுதிக்குப் போனார். பாதங்களை வார்க்கும் ஜாபர் அங்கே அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தும்போது உள்ள காத்து புகுந்திருக்குமோ ஜாபர்?"

ஜாபர் துண்டுகளை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"அறுத்துப் பாத்துருங்க சார். சந்தேகம் எதுக்கு?"

அறுத்தார்கள். ஒரு குமிழ் இல்லை. உள்ளே கல் மாதிரி இருந்தது.

அடுத்த மூன்று நாளும் அருள்தாசன் கணினியைவிட்டு எழவில்லை. தகட்டை இன்னும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். எங்கே பாரம் அதிகமோ அங்கே திரையில் சிவப்பு வரும். எங்கே இல்லையோ அங்கே நீலம். எத்தனை தடவை ஓட்டினாலும் பாதத்தின் நடுப்பகுதி நீலமாகவே இருந்தது.

வியாழக்கிழமை டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க டீச்சர். உடைஞ்ச எடம்தான் இருக்கறதுலயே பத்திரமான எடம். இங்க உடையவே முடியாது."

டீச்சர் இரண்டு துண்டுகளையும் எடுத்துத் திரைக்குக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க கம்ப்யூட்டர்ல இதைப் போட்டுக்கிட்டு இருக்கற ஆளு யாரு சார்?"

"எழுபத்தஞ்சு கிலோ."

"எடை இருக்கட்டும். என்ன பண்றாரு?"

"நடக்கறாரு."

"வேற?"

"அவ்வளவுதான். குதிகால ஊனி, விரலத் தள்ளி, நடக்கறாரு."

"உக்கார மாட்டாரா? ஒரு மேட்டுல ஏற மாட்டாரா?"

அருள்தாசனுக்குச் சுருக்கென்றது.

"உங்க மெஷினும் அதத்தானே டீச்சர் பண்ணுச்சு?"

"ஆமா. என் மெஷினும் உங்க ஆளக் கூட்டிக்கிட்டுத்தான் இருபது லட்சம் அடி நடந்திருக்கு. எனக்கும் வேற யாரையும் தெரியல." பைக்குள் கையைவிட்டு, மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தார். மருதாம்பாள் என்ற பெயரும் ஊரும் இருந்தன. "இவங்களத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அருள்தாசன் கிளம்பினார்.

புள்ளம்பாடியில் இறங்கி, உள்ளே ஆறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. மருதாம்பாளுக்கு நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் ஊன்றுகட்டையைச் சாத்திவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலரத்தான் செய்தது. எப்படி உடைந்தது என்று கேட்டதும் சுருங்கிவிட்டது.

"சும்மா நடந்துக்கிட்டு இருந்தேன் சார். உடைஞ்சிருச்சு."

"எங்க நடந்தீங்க?"

"இங்கதான். வீட்டுக்குள்ள."

அருள்தாசன் துண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். அவற்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ரப்பரின் குறுக்கே, பிளந்த இடத்தை ஒட்டி, செங்காவி நிறத்தில் விரல் அகலத்துக்கு ஒரு தீற்றல். கூடத்தில் வைத்துப் பார்த்தபோது மண் என்று நினைத்து விட்டிருந்தார். நகத்தால் சுரண்டினார். அது மண் இல்லை. இரும்புத் துரு.

நிமிர்ந்தார். மருதாம்பாளின் வீட்டுக்கு எதிரே ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நின்றது. அதன் தூணோடு ஓர் இரும்பு ஏணி, துருப்பிடித்து, மேலே போயிற்று.

"ஏறுவீங்களாம்மா?"

மருதாம்பாள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எழுதிக்க மாட்டீங்கள்ல?" என்றார்.

"மாட்டேன்."

"நான் ஏறாம ஊருக்கு எப்படி சார் தண்ணி வரும்?"

அதன் பிறகு எல்லாம் வந்தது. அவர் பஞ்சாயத்தின் மோட்டார் ஆபரேட்டர். லாரி ஏறிக் கால் போன பிறகு, இனி முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றார். பாதம் வாங்கப் போனபோது என்ன வேலை என்று கேட்டார்கள். மோட்டார் போடுகிற வேலை என்றார். அது பொய் இல்லை. தினமும் மேலே போய்த் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும், பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும் என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

"எங்க உடைஞ்சுது?"

"எறங்கறப்ப. கீழேருந்து நாலாவது படியில." மருதாம்பாள் சிரித்தார். "நான் விழல சார். கம்பியப் புடிச்சுக்கிட்டேன். பாதம்தான் விழுந்துச்சு."

அருள்தாசனுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் ஏணிப்படியின் கனத்தை அளந்தார். உருண்டைக் கம்பி. அதன்மேல் தன் செருப்பை வைத்துப் பார்த்தார். கம்பி சரியாக உள்ளங்காலின் நடுவில் வந்து உட்கார்ந்தது. அண்ணாந்து படிகளை எண்ணினார். முப்பத்தொன்று. நாலாவது படிக்குப் பதிலாக இருபத்தெட்டாவதில் உடைந்திருந்தால் என்று நினைத்தார். அறிக்கையில் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவர் மனசு அந்தக் கையெழுத்துக்கு ஒரு சமாதானத்தைத் தேடிக்கொண்டே வந்தது. துவாக்குடி வருவதற்குள் கிடைத்தும்விட்டது.

"பாதத்தோட குடுக்கற காகிதத்துல போட்டிருக்கோம் டீச்சர். ஏணியில ஏறக்கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கோம்."

"போட்டிருக்கோம்."

"அதுக்கு மேல நாம என்ன செய்ய முடியும்?"

டீச்சர் எழுந்து போனார். பல்பு மாற்ற வைத்திருந்த இரும்பு ஏணியை இழுத்துவந்து சுவரில் சாத்தினார்.

"செருப்பக் கழட்டிட்டு ரெண்டாவது படியில நில்லுங்க சார்."

"எதுக்கு?"

"நில்லுங்க."

நின்றார். ஜாபர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று நிமிஷத்தில் உள்ளங்கால் வலிக்கத் தொடங்கியது. ஐந்தாவது நிமிஷத்தில் காலை மாற்றி மாற்றி வைத்தார். டீச்சர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கணக்கு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எங்க?"

"நடுவுல."

டீச்சர் மறுபடி கணக்குக்குக் குனிந்தார்.

"எறங்கட்டுமா டீச்சர்?"

"எறங்குங்க. காகிதத்துல அப்படித்தானே போட்டிருக்கு."

அருள்தாசன் இறங்கினார். செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே கணினியின் முன் போய் உட்கார்ந்தார். தன்னுடைய எழுபத்தைந்து கிலோ ஆளை, ஒரு வருஷத்தில் முதன்முறையாக, ஓர் உருண்டைக் கம்பியின்மேல் ஏற்றி நிறுத்தினார். கணக்கு ஓடி முடிய இருபது நிமிஷம் ஆயிற்று. நீலமாகவே இருந்த நடுப்பகுதியில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு தோன்றியது. உடைந்த துண்டைத் திரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். கோடும் பிளவும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

"டீச்சர்! கம்ப்யூட்டருக்கு இது தெரிஞ்சிருக்கு!"

"கேட்டாத்தானே சொல்லும்" என்றார் டீச்சர்.

அன்று மாலையே டீச்சர் முகாம் நடத்துபவர்களுக்குப் போன் செய்தார். இரண்டு மாதம் தள்ளிவைக்க வேண்டும் என்றார். முந்நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது, பந்தலுக்குக்கூட ஏற்பாடாகிவிட்டது என்று அந்தப் பக்கம் கத்தியது அருள்தாசனுக்கே கேட்டது. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "நாங்க சரியா சோதிக்கல. அதனாலதான்" என்றார்.

நாங்க என்ற அந்தச் சொல்லை அருள்தாசன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஐந்து நாளில் கணினிக்குள் ஒன்பது தகடுகள் செய்தார். இயந்திரத்தில் செய்து பார்த்திருந்தால் ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும் வேலை அது. வெறுமனே கனத்தைக் கூட்டியபோது உடையவில்லை, ஆனால் நடை மரக்கட்டை மாதிரி ஆயிற்று. நடுவில் விலா எலும்பு மாதிரி ஒரு மேடு வைத்தபோது சிவப்பு அந்த மேட்டின் ஓரத்துக்கு ஓடியது. ஒன்பதாவதில் தகட்டை வில் மாதிரி மெல்ல வளைத்தார். பாரம் இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. திரை முழுக்க நீலமும் பச்சையும். அருள்தாசன் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

ஜாபர் அதை வார்த்துக் கொடுத்தார். டீச்சர் இயந்திரத்தில் இன்னொரு கையைப் பொருத்தி, அதன் நுனியில் ஓர் உருண்டைக் கம்பியைக் கட்டியிருந்தார். நொடிக்கு ஒரு தடவை அது பாதத்தின் நடுவில் ஏறி இறங்கியது.

ஏழாம் நாள், ஆறு லட்சத்தைத் தாண்டும்போது, தகடு பிளந்தது.

அருள்தாசன் இயந்திரத்தின் முன் நின்றார்.

"கம்ப்யூட்டர் தாங்கும்னு சொல்லுச்சு. மெஷின் தாங்காதுங்குது. ரெண்டுல எத நம்பறது டீச்சர்?"

டீச்சர் அவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

"கம்பி ரப்பர்ல எங்க படுதோ அங்க ஒரு கோடு போடுங்க."

புதுப் பாதம் ஒன்றை மாட்டி, கோடு போட்டு, இயந்திரத்தை ஓடவிட்டார்கள். இருவரும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அருள்தாசன் முன்னால் குனிந்தார். கம்பி கோட்டின்மேல் இல்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, கம்பி குதிகால் பக்கம் ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல நான் கம்பிய அசையாமப் பூட்டி வெச்சிருந்தேன்" என்றார் மெதுவாக.

கணினியில் பூட்டை எடுத்தார். கம்பியை நகரவிட்டார். தகடு எங்கே பிளந்ததோ அங்கேயே சிவப்பு வந்தது.

மறுநாள் ஜாபர் வந்தபோது அருள்தாசனின் மேசை இடம் மாறியிருந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் சோதனை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இயந்திரத்தின் டொக் டொக் சத்தத்தில் எப்படி வேலை செய்வீர்கள் என்று ஜாபர் கேட்டார். பழகிவிடும் என்றார்.

பத்தும் பதினொன்றும் கணினியிலேயே தோற்றன. பன்னிரண்டாவது தகடு, டீச்சர் புதிதாகக் கட்டிய இன்னொன்றையும் சேர்த்து, இரண்டு இயந்திரங்களில் ஏறியது. ஒன்றில் நடை, ஒன்றில் ஏணி. இருபத்து மூன்று நாள். அந்த நாட்களில் அருள்தாசன் சும்மா இருக்கவில்லை. பாதம் வாங்கிய நூறு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தார். கேட்டது ஒரே கேள்விதான். நடக்கிறது போக வேறு என்னவெல்லாம் செய்கிறீர்கள்?

ஒருவர் தையல் மெஷின் மிதித்தார். ஒருவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். இரண்டு பேர் ஏணி ஏறினார்கள். புதுப் பாதம் வரும்வரை ஏற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். கோவில் திருவிழாவில் ஒயிலாட்டம் ஆடுவதாக ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு அருள்தாசன் போனும் கையுமாக எழுந்து நின்றுவிட்டார். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினார். ஒவ்வொன்றையும் தன் ஆளைச் செய்யவைத்தார். எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு இப்போது நாள் முழுக்க வேலை இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் இரண்டு இயந்திரங்களும் நின்றன. எந்தத் தகட்டிலும் கீறல் இல்லை.

மருதாம்பாளை வரச் சொன்னார்கள். அதுவரை ஊரில் அவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் ஏறிக்கொண்டிருந்தார். புதுப் பாதத்தைப் பொருத்தி, கூடத்துக்குள் நாலு நடை நடந்தார். பிறகு யாரும் சொல்லாமலே பின்பக்கம் போனார். கூரைத் தொட்டிக்குப் போகிற இரும்பு ஏணி அங்கே இருந்தது.

அருள்தாசன் கீழே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

மருதாம்பாள் ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்தார். முதலில் சொந்தக் கால். பிறகு புதுக் கால். நிதானம். அடுத்த படி. உச்சியில் போய் ஒரு கையைவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சார், கைய எறக்குங்க. நான் விழுந்தா நீங்க தாங்கற ஆளா?"

ஜாபர் சிரித்துவிட்டார். டீச்சரும் சிரித்தார். அருள்தாசன் கையை இறக்கவில்லை.

மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகு மருதாம்பாள் பையை எடுத்துக்கொண்டார். இப்போது பஸ்ஸைப் பிடித்தால் மாலைத் தண்ணீர் திறந்துவிட நேரத்துக்குப் போய்விடலாம் என்றார். நிறுத்தம் வரைக்கும் அருள்தாசனும் டீச்சரும் கூட வந்தார்கள். மருதாம்பாள் பக்கத்தில் பூ வாங்கப் போனார். வெயில் தணிந்து காற்று வந்துகொண்டிருந்தது. புதுத் தகடு வைத்து வார்த்த முந்நூறு பாதங்களும் மறுநாள் பெரம்பலூர் போகின்றன. அருள்தாசனுக்கு மனசு நிறைந்திருந்தது. இருந்தாலும் ஒன்று பாக்கி இருந்தது.

"டீச்சர், நாளைக்கு நான் மறுபடி கையெழுத்துப் போடணும். போன தடவையும் நல்லா இருக்குன்னு நெனைச்சுத்தான் போட்டேன். ஒரு பொருள் நல்லா வந்திருக்குன்னு எத வெச்சு சொல்றது? கம்ப்யூட்டர் சொல்லணுமா, மெஷின் சொல்லணுமா, இல்ல போட்டுக்கறவங்க சொல்லணுமா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் இருந்தது. மருதாம்பாள் பூவைத் தலையில் சொருகிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தார். "ஜன்னலோரம் எடம் இருக்கா?" என்று நடத்துநரைக் கேட்டார். இருக்கிறது, சீக்கிரம் ஏறுங்கள் என்றார் அவர். மருதாம்பாள் கம்பியைப் பிடித்து ஏறி, உள்ளே போய், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். விசில் ஒலித்தது. பஸ் போயிற்று.

அருள்தாசன் திரும்பினார்.

"நீங்க பதில் சொல்லலையே டீச்சர்."

"எந்தக் கால முதல்ல வெச்சு ஏறினாங்க?"

அருள்தாசன் யோசித்தார். பூ ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் கேட்டது ஞாபகம் வந்தது. ஆட்டிய கை ஞாபகம் வந்தது.

"கவனிக்கல டீச்சர்."

"அவங்களும் கவனிக்கல."